ஃபிஃபா 11+ வார்ம்-அப்: ஞாயிறு மட்டும் டர்ஃபில் ஆடுபவருக்கு உதவுமா?

வாரத்தில் ஐந்தாறு நாள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை, வார இறுதி இரவுகளில் பிரீமியர் லீக், ஞாயிறு காலை வாடகை டர்ஃபில் ஒரு மணி நேர ஆட்டம். முப்பதைத் தாண்டிய கால்பந்து ரசிகர் பலருக்கு வாரம் இப்படித்தான் ஓடுகிறது. இந்த வாரத்துக்குள், காயத்தைத் தடுப்பதற்கான ஃபிஃபாவின் '11+' வார்ம்-அப் பயிற்சித் திட்டம் பொருந்துமா என்று பார்ப்பதே இந்த விமர்சனம். பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பொருந்தும். ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கிற திட்டங்களில் இந்த அளவுக்குச் சோதித்துப் பார்க்கப்பட்ட இன்னொன்றைக் காட்டுவது கடினம். ஆனால் முழுத் திட்டத்தையும் ஞாயிறு காலை டர்ஃபில் வைத்துச் செய்யப் பார்த்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. அதைப் பிரித்து, வாரம் முழுக்கப் பரப்பிச் செய்ய வேண்டும்.

2003-இல் ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வுக் குழு 'தி 11' என்ற பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நார்வேயில் அதைச் சோதித்தபோது காயம் குறையவில்லை. முக்கியக் காரணம், அணிகள் அதைப் போதிய அளவு செய்யவே இல்லை. அதன் பிறகு ஆஸ்லோவின் விளையாட்டுக் காய ஆய்வு மையமும் அமெரிக்காவின் சாண்டா மோனிகா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2006-இல் திருத்தி எழுதியதுதான் 11+. ஓட்டப் பயிற்சிகள் சேர்ந்தன, பயிற்சிகள் படிப்படியாகக் கடினமாகும்படி நிலைகள் வந்தன. 2008-இல் வெளிவந்த நார்வே ஆய்வில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் சுமார் 1,900 பேர் ஒரு சீசன் முழுக்கக் கண்காணிக்கப்பட்டார்கள். திட்டத்தைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியும் குறைந்தன. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் அணிகளிலும் 2015-இல் இதே திசையில் முடிவு வந்தது.

இந்த எண்களை மட்டும் வாட்ஸாப்பில் பகிர்வோர் விட்டுவிடுகிற இன்னொரு ஆய்வு உண்டு. ஜெர்மனியில் 32 வயதைத் தாண்டியவர்களின் வெட்டரன் அணிகளில், வாரம் ஒருமுறை பயிற்சியின்போது மட்டும் 11+ செய்யவைத்துப் பார்த்தார்கள். மொத்தக் காயங்களில் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. கடுங்காயங்களில் மட்டும் பலன் தெரிந்தது. நம் வயதுக்கும் நம் வாரத்துக்கும் மிக நெருக்கமான ஆய்வு இதுதான். வாரம் ஒருமுறை செய்வது போதாது. 11+ திட்டத்தின் கையேடும் வாரம் இரண்டு முறையாவது செய்யச் சொல்கிறது. ஞாயிறு மட்டும் ஆடுபவர் அந்த மிச்ச நாளை வீட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திட்டத்தில் மூன்று பகுதிகள், 15 பயிற்சிகள். முதல் பகுதி மெதுவான ஓட்டம், ஆறு பயிற்சிகள், 8 நிமிடம். இரண்டாவது வலிமை, குதிப்பு, சமநிலை, ஆறு பயிற்சிகள், 10 நிமிடம். மூன்றாவது வேக ஓட்டம், மூன்று பயிற்சிகள், 2 நிமிடம். மொத்தம் 20 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து எடுத்த டர்ஃபில் மூன்றில் ஒரு பங்கை வார்ம்-அப்புக்குக் கொடுக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். இந்த இடத்தில்தான் பல அணிகள் மொத்தத்தையும் கைவிடுகின்றன. ஆட்டத்துக்கு முன் முதல், மூன்றாம் பகுதிகளை மட்டும் செய்தால் போதும் என்று கையேடே சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை. அதாவது டர்ஃபில் 10 நிமிடம்தான் போகும். அதையும் ஸ்லாட் தொடங்குமுன் வெளியே இடமிருந்தால் அங்கேயே முடித்துவிடலாம்.

முதல் பகுதிக்கு 6 முதல் 10 ஜோடி கோன்கள், 5–6 மீட்டர் இடைவெளியில், இரண்டு வரிசையாக. ஆறு ஜோடி வைத்தால் முதல் கோனுக்கும் கடைசி கோனுக்கும் நடுவே 25 முதல் 30 மீட்டர் வரும். சிறிய டர்ஃபிலும் இதற்கு இடமிருக்கும். தட்டையான டிஸ்க் கோன்தான் நல்லது. தண்ணீர் பாட்டில் வைத்தால் கால் பட்டு உருளும், பின்னோக்கி ஓடும் பயிற்சியில் அதன்மேல் மிதித்துக் கணுக்கால் பிசகும். இருவர் இருவராகப் புறப்பட வேண்டும். நேராக ஓடுவது, முழங்காலைத் தூக்கி இடுப்பை வெளிப்பக்கம் திருப்புவது, உள்பக்கம் திருப்புவது, நடுவில் சந்தித்துத் துணையைச் சுற்றி வருவது, தோளோடு தோள் மோதிக் குதிப்பது, இரண்டு கோன் முன்னால் ஒரு கோன் பின்னால் என்று வேகமாகப் போய்வருவது. ஒவ்வொன்றும் இரண்டு சுற்று.

இதில் தோள் மோதும் பயிற்சியைத்தான் எல்லோரும் விளையாட்டாக எடுத்துக்கொண்டு கெடுக்கிறார்கள். துணையைத் தள்ளுவது நோக்கமே இல்லை. காற்றில் ஒரு மோதல் வாங்கியபின் இரண்டு காலிலும், முழங்காலும் இடுப்பும் மடங்கியபடி, நிலைகுலையாமல் இறங்குவதற்கான பயிற்சி அது. கால் விறைப்பாக இறங்கினாலோ முழங்கால் உள்பக்கம் சாய்ந்தாலோ பயிற்சி தவறு. ஏசிஎல் எனப்படும் முழங்கால் தசைநார் அறுவது பல சமயம் யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோதான் நடக்கிறது. இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதைக் கையேடு பயிற்சிக்குப் பயிற்சி வலியுறுத்துவது அதனால்தான். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க அணியில் ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்த்துச் சொன்னால், திட்டத்தின் தரமே மாறிவிடும்.

திட்டத்தின் உயிர் இரண்டாம் பகுதி. அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வது கையேட்டை மீறுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆஸ்திரேலியாவின் அரைத் தொழில்முறை கிளப்களில் இந்தப் பகுதியைப் பயிற்சியின் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். காயத்தால் இழந்த நாட்கள் குறைந்தன, ஆட்டக்காரர்கள் திட்டத்தைச் செய்த தடவைகளும் கூடின. எனவே வலிமைப் பயிற்சி ஆட்டத்துக்கு முன்னால்தான் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நேரம் விஷயத்தில் மட்டும் கையேட்டை நம்ப வேண்டாம். முதல் நிலையில் பிளாங்க் (முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்குவது) மூன்று முறை, பக்கவாட்டு பிளாங்க் ஒவ்வொரு பக்கமும் மூன்று முறை, ஒற்றைக் காலில் நிற்பது ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முறை, ஸ்குவாட் (முழங்காலை மடக்கித் தாழ்ந்து எழுவது) இரண்டு முறை, குதிப்பு இரண்டு முறை, எல்லாமே 30 விநாடி வீதம். கூட்டிப் பார்த்தால் இடைவேளை இல்லாமலே எட்டரை நிமிடம். அதன்மேல் பின்தொடைப் பயிற்சி. மூச்சு வாங்கி, இடம் மாறி, பாயை மடித்து முடிக்க 15 நிமிடம் ஒதுக்குங்கள்.

பிளாங்கில் முழங்கை தோளுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். இடுப்பு தொய்ந்தாலோ பின்புறம் மேலே தூக்கினாலோ, 20 விநாடியில் நிறுத்திவிடுவது நல்லது. தவறான நிலையில் 30 விநாடி தாக்குப்பிடிப்பதால் முதுகுவலி மட்டும்தான் மிச்சம். அடுத்த நிலையில் கால்களை மாறி மாறித் தூக்க வேண்டும், அப்போது 40 முதல் 60 விநாடி. ஒரு நிலையை முழு நேரமும் சிரமமில்லாமல், வடிவம் கெடாமல் செய்ய முடிந்த பிறகே அடுத்ததற்குப் போகலாம்.

ஒன்பதாவது பயிற்சி தனியாகப் பேசத் தகுந்தது. முட்டிபோட்டு நிற்க, துணை ஒருவர் கணுக்காலுக்குச் சற்று மேலே இறுக்கிப் பிடித்துக்கொள்ள, தலை முதல் முழங்கால் வரை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாய வேண்டும். இனித் தாங்காது என்ற இடத்தில் கையை ஊன்றி விழுந்துவிடலாம். நார்டிக் என்று ஜிம்களில் சொல்வது இதைத்தான். பின்தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கப் பழகுகிறது. வேகமாக ஓடும்போது, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அந்தத் தசை செய்யும் வேலையும் இதுவே. தொடை 'இழுத்துக்கொள்வது' பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். நெதர்லாந்தின் அமெச்சூர் ஆட்டக்காரர்களிடம் இந்த ஒரு பயிற்சியை மட்டும் 13 வாரம் செய்யவைத்தபோதே பின்தொடைக் காயங்கள் வெகுவாகக் குறைந்தன.

வீட்டில் பிடித்துக்கொள்ள ஆளில்லை என்றால் கனமான கட்டிலின் அடிச்சட்டத்தில் குதிகாலைக் கொக்கிபோல் மாட்டலாம். சோபா வேண்டாம். உடல் சாயும்போது அது தூக்கிக்கொண்டு வரும். முழங்காலுக்குக் கீழே யோகா மேட்டை நான்காக மடித்து வையுங்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு இடுப்பை மடக்குவது. அப்படிச் செய்தால் சுமை பின்தொடையிலிருந்து நழுவிவிடும், பயிற்சி எளிதாகிவிட்டது போலவும் தோன்றும்.

எண்ணிக்கையில் ஆசைப்படாதீர்கள். தொடக்க நிலைக்குக் கையேடு சொல்வது 3 முதல் 5 தடவைதான். அடுத்தது 7–10, கடைசி நிலை 12–15. முதல் நாளே பத்துப் பதினைந்து என்று போனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் படி இறங்க முடியாத வலி வரும். அந்த வலிக்குப் பயந்தே பலர் இந்தப் பயிற்சியை நிரந்தரமாக விட்டுவிடுகிறார்கள். வலி உச்சமடைவது 24 முதல் 48 மணி நேரத்துக்குள். ஆகவே ஞாயிறு ஆடுபவர் வியாழனுக்குப் பிறகு இதைச் செய்யக் கூடாது.

மற்றவை எளிது. ஒற்றைக் காலில் நிற்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் இருக்கட்டும். பந்தைக் கையில் பிடித்தபடி நிற்பது முதல் நிலை, துணையோடு தூக்கிப் போட்டுப் பிடிப்பது அடுத்தது, ஒருவரையொருவர் நிலைகுலைக்கப் பார்ப்பது மூன்றாவது. குதிப்புப் பயிற்சியை அடுக்குமாடி வீட்டில் செய்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். மொட்டை மாடிக்குப் போங்கள், ஆனால் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு குதிக்காமல் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முன்பாதத்தில், சத்தம் எழாமல் இறங்கினால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூன்றாம் பகுதி இரண்டே நிமிடம், அதைத்தான் அதிகம் பேர் தவிர்க்கிறார்கள். 75–80 சதவீத வேகத்தில் 40 மீட்டர் ஓட்டம், முழங்காலை உயர்த்தி ஆறு முதல் எட்டு பெரிய தாவல்கள், நான்கைந்து அடி ஓடிக் காலை ஊன்றித் திசை மாற்றுவது. ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. முழு வேகத்துக்கு உடலைக் கொண்டுபோவது இந்தப் பகுதிதான். இது இல்லாமல் ஆட்டம் தொடங்கினால், அன்றைய முதல் வேக ஓட்டம் எதிரணியின் விங்கரைத் துரத்தும் ஓட்டமாக இருக்கும். அணிக்கு ஐவர் ஆடும் ஃபைவ்ஸ் டர்ஃபில் 40 மீட்டர் கிடைக்காது. மூலைக்கு மூலை ஓடுங்கள். வலைக்கு அருகே சட்டென்று நிற்காமல் கடைசிப் பத்து மீட்டரில் வேகத்தைத் தளர்த்துங்கள். திசை மாற்றும் பயிற்சிக்கு முன் ஷூவின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இயற்கைப் புல்லுக்கான நீள ஸ்டட்ஸ் செயற்கைப் புல்லில் சிக்கிக்கொள்ளும். பாதம் நிற்க, முழங்கால் திரும்பும். குட்டையான ரப்பர் குமிழ்கள் கொண்ட டர்ஃப் ஷூதான் அங்கே சரி.

இதையெல்லாம் வாரத்துக்குள் அடுக்குவதில் பெரிய இடைஞ்சல் ஐரோப்பியக் கால்பந்தின் கடிகாரம். சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் செவ்வாய், புதன் பின்னிரவில் நமக்கு 12:30-க்கோ, பிரிட்டனில் குளிர்கால நேரம் வந்தபின் 1:30-க்கோ தொடங்கும். சனிக்கிழமையின் கடைசி பிரீமியர் லீக் ஆட்டம் குளிர்காலத்தில் பெரும்பாலும் இரவு 11 மணிக்குத் தொடங்கும், ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணி ஸ்லாட்டுக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம்கூடத் தேறாது. ஆகவே இரண்டாம் பகுதியைத் திங்கள் மாலையும் வியாழன் மாலையும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஞாயிறு ஆடிய கால் திங்கள் அன்றும் கனமாக இருந்தால் செவ்வாய் மாலைக்குத் தள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். புதன் இரவு ஆட்டம் பார்த்துவிட்டு வியாழன் செய்வதானால் பழைய நிலையிலேயே செய்யுங்கள். தூக்கம் கெட்ட நாளில் எண்ணிக்கை கூட்டுவது தேவையில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்துகளும் இந்தத் திட்டத்தின் வழியில் குறுக்கே நிற்கின்றன. தொலைக்காட்சியில் தெரிவது கடைசி நேரப் பந்துப் பரிமாற்றமும் கோல் நோக்கிய ஷாட்களும்தான். அதைப் பார்த்துவிட்டு டர்ஃபில் இறங்கியதும் நேராக லாங் ஷாட் அடிக்கத் தொடங்குகிறோம். சூடேறாத தொடையின் முன்தசைக்கும் இடுப்புக் கவட்டைக்கும் அதைவிட மோசமான தொடக்கம் இல்லை. அவர்கள் ஜிம்மில் செய்யும் வலிமைப் பயிற்சி கேமராவில் வருவதில்லை.

அடிக்கடி கேட்கும் இன்னொரு வாதம், 'இவ்வளவு வசதி இருந்தும் அவர்களுக்கே காயம் வருகிறதே' என்பது. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, ஆட்டங்கள் அளவுக்கு மீறுகின்றன, ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்துக்கு நெருங்கிவிட்டார்கள் என்றார். சில நாட்களிலேயே ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் ஏசிஎல் அறுந்து, மீண்டும் களமிறங்க 2025 மே ஆகிவிட்டது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆட்ட அட்டவணை நெருக்கடி உண்மையானது. ஆனால் அது பாதிக் கதைதான். ஐரோப்பாவின் முன்னணி கிளப்களில் மொத்தக் காயங்களில் பின்தொடைக் காயங்களின் பங்கு 2001–02-இல் 12 சதவீதமாக இருந்து 2021–22-இல் 24 சதவீதமாகியது. இன்னொரு கணக்கெடுப்பில் 150 கிளப்-சீசன்களில் (ஒரு கிளப்பின் ஒரு சீசன் ஒன்று என்ற கணக்கு) வெறும் 16-இல்தான் நார்டிக் பயிற்சி முழுமையாகப் பின்பற்றப்பட்டிருந்தது. தொழில்முறையாளர்களுக்குக் காயம் வருவதை வைத்துப் பயிற்சி வீண் என்று சொல்ல முடியாது. அங்கேயும் அது அரைகுறையாகவே நடக்கிறது.

குறைகளும் உண்டு. கவட்டைத் தசைகளுக்கென்று 11+-இல் தனிப் பயிற்சி கிடையாது, கால்பந்தில் அது அடிக்கடி படும் இடம். இரண்டாம் பகுதியோடு கோபன்ஹேகன் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். பக்கவாட்டு பிளாங்க் நிலையில் மேல்காலைத் துணை ஒருவர் பிடிக்க, அல்லது ஸ்டூல்மேல் வைத்து, கீழ்க்காலை மேலே கொண்டுவந்து சேர்த்து இறக்குவது. முழங்காலை ஸ்டூலில் வைத்துத் தொடங்குங்கள், கணுக்காலை வைப்பது அதைவிடக் கடினம். நார்வேயில் அரைத் தொழில்முறை ஆண்களிடம் இதைச் சோதித்தபோது கவட்டைத் தொல்லைகள் 41 சதவீதம் குறைந்தன. அடுத்து, பெரும்பாலும் பந்து இல்லாமலே நகரும் திட்டம் இது. சில மாதங்களில் சலிப்புத் தட்டும். நிலைகளை ஏற்றுவது மட்டுமே அதற்கு மருந்து, முதல் நிலையிலேயே ஆண்டு முழுக்க நின்றுவிடும் அணிகள்தான் முதலில் கைவிடுகின்றன. மூச்சுத்திறனை இது வளர்க்காது, அதற்கு வார நடுவில் தனியாக ஓட வேண்டும். முழங்கால் வீங்கியிருப்பவரும், நடக்கும்போதே நழுவுவதாக உணர்பவரும் இதைத் தொடங்கக் கூடாது, எலும்பு–மூட்டு மருத்துவரை முதலில் பார்க்க வேண்டும்.

டர்ஃபுக்குப் பிள்ளைகளையும் கூட்டிவருபவர்கள் கவனிக்க: பெரியவர்களின் 11+ பதினான்கு வயதிலிருந்துதான். 7 முதல் 13 வயதுக்காரர்களுக்கு '11+ கிட்ஸ்' என்று தனித் திட்டம் இருக்கிறது. ஏழு பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து நிலைகள், 15–20 நிமிடம். ஒற்றைக் காலில் குதித்து நிற்பதும் உடல் வலிமையும் அதில் இருக்கின்றன, கூடவே விழுந்து உருண்டு எழும் முறையையும் கற்றுத்தருகிறார்கள். கை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்ளும் வயது அது என்பதால் இந்தச் சேர்க்கை மிகச் சரியானது. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் சோதித்தபோது காயங்கள் 48 சதவீதம் குறைந்தன. பெரியவர்கள் கோன் வைக்கும் நேரத்தில் பக்கத்துக் கோட்டில் அவர்களும் இதைச் செய்யலாம், அவர்களுக்கென்று கூடுதல் சாமான் எதுவும் வாங்க வேண்டியதில்லை.